சுண்ணாம்பை அழைத்த தொண்டை

சுக்கான்குடியில் சுண்ணாம்பு நடக்கத் தொடங்கியது மாசி மாதத்து ஒரு புதன்கிழமை விடியற்காலையில், பால்வண்டி வந்து போன பிறகு. அது கோழிக்கால் உயரத்துக்கு மேல் எழும்பாமல், யாரையும் இடிக்காமல், சாக்கடை வந்த இடத்தில் தாண்டி, நாய் படுத்திருந்த இடத்தில் ஒதுங்கி, மேலத்தெருவிலிருந்து கீழத்தெருவுக்கு வந்து, கொத்தனார் அருளப்பன் வீட்டுக் கதவுக்கு அடியில் நுழைந்து, அவன் மனைவி செசீலி படுத்திருந்த கட்டிலின் கால்களைச் சுற்றி வெள்ளையாகப் படிந்து அடங்கியது.

அருளப்பன் விளக்குமாற்றை எடுத்தான். ஆச்சரியப்படுவதற்கு மனசில் கொஞ்சமாவது இடம் வேண்டும். அவனுக்கு அது இல்லை.

"என்னங்க அது வெள்ளையா?" என்றாள் செசீலி.

"சுண்ணாம்பு."

"யாரு கொட்டுனா?"

"யாரும் கொட்டல. நடந்து வந்துச்சு."

அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தண்ணி குடுங்க" என்றாள்.

இரண்டு வருஷமாக அவள் உடைந்துகொண்டிருந்தாள். பதினாறு வயதில் சித்தாளாக வந்து, அவன் கட்டிய ஒவ்வொரு சுவருக்கும் தலையில் சாந்துச் சட்டி சுமந்து, மூன்று மாடிக்குச் சாரத்தில் ஏறி இறங்கியும் மூச்சு வாங்காத பெண், முப்பத்தெட்டாவது வயதில் இட்லிக் குண்டானை இறக்கியபோது மணிக்கட்டு முறிந்து உட்கார்ந்தாள். அதற்குப் போட்ட மாவுக்கட்டைப் பிரிப்பதற்குள் இருமியதில் விலா எலும்பு ஒன்று போயிற்று. டவுனில் போர்டு மாட்டியிருந்த ஒரு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சுண்ணாம்புச் சத்தே இல்லை என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அருளப்பன் மாத்திரை கொடுத்தான், கேழ்வரகு கொடுத்தான், முருங்கைக்கீரை கொடுத்தான், முட்டை ஓட்டை இடித்து மோரில் கலந்து கொடுத்தான். கொடுக்கக் கொடுக்க அவளுக்குத் தாகம்தான் கூடியது. குடம் குடமாகக் குடித்தாள், குடித்ததையெல்லாம் வெளியே விட்டாள், கல்லடைப்பு வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள், பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சை மறந்து சுவரைப் பார்த்தாள். கொல்லையில் அவள் நீர் வடிந்த இடத்தில் மட்டும் பூசணிக்கொடி உரம் போட்டதுபோல் தழைத்துக் கூரை ஏறியது.

அன்று குனிந்து கூட்டியபோதுதான் அவனுக்கு அந்தச் சத்தம் கேட்டது. அவள் தொண்டைக்குழியில் காதை வைத்தான். தூரத்து மேட்டிலிருந்து யாரோ மாட்டைத் திரும்பி வரச்சொல்லி அழைப்பதுபோல, ஓயாமல், மூச்சுக்கூட விடாமல், ஏதோ ஒன்று அழைத்துக்கொண்டிருந்தது.

சுண்ணாம்பு மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. பக்கத்து வீட்டுக் கொளஞ்சிதான் முதலில் சட்டியோடு வந்தாள். "அண்ணே, கடைச் சுண்ணாம்பு மாதிரி இல்ல, பால் மாதிரில்ல இருக்கு! கொஞ்சம் அள்ளிக்கவா?" என்று கேட்டு அள்ளிக்கொண்டு போய் அடுப்படிக்கு வெள்ளையடித்தாள். அதற்குப் பிறகு ஊரே வந்தது. வெற்றிலைக் கடைக்காரர் டப்பாவோடு வந்தார், மாட்டுக் கொட்டகைக்கு, குளத்தில் கரைக்க, வேப்பமரத்து அடிமரத்தில் பூச என்று ஆளுக்கொரு காரணத்தோடு வந்தார்கள், பெண்கள் கோலத்துக்கு எடுத்துப்போனார்கள், ஒரு மாதத்துக்குள் சுக்கான்குடி அப்படி வெளுத்தது. வெளியூர்க்காரர்கள் பெண் பார்க்க வந்தபோது, ஊரே கல்யாணத்துக்குத் தயாராக நிற்கிறது என்று நினைத்துச் சங்கடப்பட்டார்கள். ஒருமுறை செசீலியிடம் வந்து போன சுண்ணாம்பு மறுபடி நகரவில்லை. பூசிய இடத்தில் அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அந்த ஊரில் ஒரு மரியாதை.

கோழிகள் ஓடு இல்லாமல் முட்டையிட ஆரம்பித்தன. முதலில் முகம் சுளித்தார்கள்; பிறகு கரண்டியில் ஏந்தி எடுக்கப் பழகிக்கொண்டார்கள். நத்தைகள் கூடு இல்லாமல் வரப்பில் வெட்கத்தோடு போயின. பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் கரும்பலகையில் தடமே விடவில்லை என்பதால் வாத்தியார் எல்லாவற்றையும் வாயால் சொல்லிக் கொடுத்தார், பிள்ளைகள் நன்றாகவே படித்தார்கள். அதற்கப்புறம் ஆணிகள் கழன்று விழுந்தன. வெள்ளையடித்த சுவரை விரலால் அழுத்தினால் உள்ளே பூச்சும் இல்லை, கட்டும் இல்லை, மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. வெளியிலிருந்த வெள்ளைத் தோல்தான் வீடுகளை நிறுத்தி வைத்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. நிழலுக்குக் கட்டியிருந்த கொளஞ்சியின் சினையாடு அடியில் போயிற்று.

பஞ்சாயத்துத் தலைவர் உலகநாதன் அருளப்பனைக் கூப்பிட்டு அனுப்பினார். கூட்டம் கூடியிருந்தது.

"இருபது வருசமா இந்த ஊர்ல எந்தச் சுவரு நீ கட்டாதது?" என்றார் உலகநாதன். "இன்னைக்கு ஆடு. நாளைக்குப் பிள்ளைங்க. சிமெண்டுக்குப் பதிலா என்னத்தடா கலந்த?"

வெள்ளை வருவது ஒரு சங்கதி, சுவர் போவது வேறு சங்கதி என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அள்ளிக்கொண்டு போன சட்டிகளைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும். அருளப்பனுக்கு இரண்டும் ஒன்று என்று தெரியும். தினமும் காதை வைத்துக் கேட்கிறவன் அவன். வாயைத் திறந்து சொன்னால் அவர்கள் செசீலியின் கட்டிலுக்குத்தான் போவார்கள். அவன் கூட்டத்தைப் பார்த்தான், தன் கைகளைப் பார்த்தான். ரசமட்டம் வைக்காமலே நேராகக் கல் வைக்கிற கை என்று நாலு ஊர் சொன்ன கைகள்.

"ஆமாங்கய்யா. நான்தான் மண்ணக் கலந்தேன்" என்றான்.

அன்றிலிருந்து அவன் தெருவில் போனால் பெண்கள் வாசலில் தண்ணீர் ஊற்றினார்கள். பள்ளிக்கூடச் சுவரை அவனே திருப்பிக் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு. பகலெல்லாம் கட்டினான், விடியற்காலையில் அந்தச் சுவரின் சுண்ணாம்பு எழுந்து, அவன் வீட்டைத் தேடி நடந்து வந்தது, அவன் அதைக் கூட்டித் தள்ளிவிட்டு, மறுபடி மணல்மேட்டின் முன்னால் போய் நின்று, மறுபடி முதல் கல்லிலிருந்து ஆரம்பித்தான். ஒன்பது நாள் இப்படிப் போயிற்று. ஒன்பதாம் நாள் செசீலிக்குக் காலைக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருக்கையில் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அழுதான்.

அவன் பழியேற்ற விஷயம் கொளஞ்சியிடமிருந்து அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் எழுந்தாள். துணிக் கொடிக்கம்பை ஊன்றிக்கொண்டு, ஐந்து வீட்டுக்கு ஒரு முறை நின்று, கீழத்தெருவிலிருந்து பஞ்சாயத்து ஆபீஸுக்கு மாதா கோயிலில் ஒரு முழுப் பூசை முடிகிற நேரம் நடந்தாள். வழியெல்லாம் சுவர்களின் உள்ளே மிச்சமிருந்த சுண்ணாம்பு பொடியாகக் கசிந்து அவள் பாதத்தோடு வந்தது. அவள் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் பின்னாலேயே வந்தார்கள்.

"எங்க வீட்டுக்காரரு பொய் சொல்லிட்டாரு" என்றாள். "அவரு கலந்த சாந்து நான் சுமந்த சாந்து. ஒரு சட்டி குறையல. உங்க சுவத்த எல்லாம் என் தொண்டை கூப்புடுது. நான் கூப்புடல. நிறுத்தவும் தெரியல."

சொல்லிவிட்டுப் படி இறங்கியபோது தொடை எலும்பு முறிந்தது. அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

உலகநாதன்தான் வேன் பிடித்துக் கொடுத்தார். "பட்டணத்துக்குக் கொண்டு போ" என்றார் அருளப்பனிடம், முகத்தைப் பார்க்காமல். "தொண்டை அடங்குற வரைக்கும் ஊருக்குள்ள கூட்டிட்டு வராத."

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் நசீமா என்ற பெண், வாய் திறந்து ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் ரத்தம் எடுக்கச் சொன்னார். காகிதம் வந்ததும் அருளப்பனை ஸ்டூலில் உட்கார வைத்தார்.

"இவங்களுக்குச் சுண்ணாம்பு குறைவுன்னு யார் சொன்னது? ரத்தத்துல கொட்டிக் கிடக்கு. இருக்க வேண்டியதை விட ரொம்ப அதிகம்."

"எலும்பெல்லாம் உடையுதேம்மா?"

"அங்கேருந்து எடுத்துத்தான் இங்க கொட்டுது." அவர் தன் கழுத்தில் விரல் வைத்துக் காட்டினார். "இங்க பின்பக்கம் நாலு அரிசி மணி மாதிரி சுரப்பி இருக்கு, எல்லாருக்கும். அதுங்க வேலை காவல்தான். ரத்தத்துல சுண்ணாம்பு குறைஞ்சா சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டு எலும்பு கொஞ்சம் சுண்ணாம்பைக் குடுக்கும். கிட்னியும் சுண்ணாம்பை வெளிய விடாம பிடிச்சு வைக்கும். ரத்தம் நிறைஞ்சதும் நாலும் வாயை மூடிக்கும். நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"கொத்தனாருங்க."

"அப்ப சுலபமாப் புரியும். எலும்பு தனிச் சுண்ணாம்பு இல்ல. சுண்ணாம்பும் மணிச்சத்தும் கலந்து கட்டின சுவர். வயலுக்குப் போடுவாங்களே, அதே மணிச்சத்து. சுவரை இடிச்சா ரெண்டும்தான் ரத்தத்துல வரும். ரெண்டும் அங்கேயே இருந்தா மறுபடி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், சுண்ணாம்பு கைக்குக் கிடைக்காது. அதனால அந்தச் சத்தம் கிட்னிகிட்ட இன்னொண்ணும் சொல்லுது: மணிச்சத்தை வெளிய தள்ளு, சுண்ணாம்பை மட்டும் வை. கிட்னி தள்ளிடும், சிறுநீரோட."

அருளப்பனுக்குக் கூரையேறிய பூசணி ஞாபகம் வந்தது. அவள் எலும்பைத் தின்றுதான் அது காய்த்திருக்கிறது. அதை அவன் குழம்பு வைத்து அவளுக்கே ஊட்டியிருக்கிறான்.

"இவங்களுக்கு நாலுல ஒண்ணு கொட்டைப்பாக்கு அளவுக்கு வீங்கிச் செவிடாயிடுச்சு" என்றார் நசீமா. "ரத்தம் போதும் போதும்னு கத்துது, அதுக்குக் கேக்கல. கூப்பிட்டுட்டே இருக்கு. மத்த மூணும், ரத்தம் நிறைஞ்சுதானே இருக்குன்னு தூங்கிடுச்சு."

"வெளிய இருக்குற சுண்ணாம்பும் வருதுங்களே டாக்டர்."

நசீமா தரையைப் பார்த்தார். வார்டு சுவரின் அடியிலிருந்து மெல்லிய வெள்ளைக்கோடு ஒன்று செசீலியின் கட்டிலை நோக்கி வந்துகொண்டிருந்தது. "அதுவும் அந்தச் சுரப்பியாலதான்" என்று சொல்லி, நோயாளிக் காகிதத்தில் அதையும் ஒரு வரியாக எழுதிவிட்டு, துப்புரவுப் பணியாளரைக் கூப்பிட்டார்.

தொடைக்குக் கட்டுப் போட்டு, ஆபரேஷனுக்கு உடம்பைத் தேற்ற நான்கு நாள் ஆயிற்று. நான்கு நாளும் கட்டிலைச் சுற்றிச் சேர்ந்ததைக் கூட்டி, பினாயில் ஊற்றிக் கழுவிச் சாக்கடையில் விட்டார்கள். ஐந்தாம் நாள் காலையில் கொட்டைப்பாக்கை எடுத்தார்கள். மயக்கம் தெளியாமல் கிடந்தவளின் கட்டுப்போட்ட தொண்டை அருகில் அருளப்பன் காதை வைத்தான். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அங்கே மூச்சு மட்டும் இருந்தது. அவன் வராண்டாவுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தான். சுவர் உதிரவில்லை.

மறுநாள் மத்தியானம் செசீலி, "உதடு மரத்துப் போச்சுங்க" என்றாள். அப்புறம் விரல்கள் மடங்கின. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய், மற்ற நான்கும் குவிந்து, பூ மொட்டு மாதிரி இறுகின. அவன் பிரித்துப் பார்த்தான், பிரியவில்லை. கால் இழுத்தது. தாடை இறுகியது.

நசீமா ஓடிவந்தார். "எலும்பு பட்டினி கிடந்திருக்கு" என்றார் ஊசி போட்டபடியே. "ரெண்டு வருசமா பிடுங்கிட்டே இருந்த சத்தம் நின்னுடுச்சு இல்ல, இப்ப ரத்தத்துல இருக்கறதை எல்லாம் எலும்பு ஒரேயடியாக் குடிக்குது. தூங்கற மூணும் முழிச்சு ரத்தத்தைக் காப்பாத்த நாளாகும். அதுவரைக்கும் நாமதான் சுண்ணாம்பு குடுத்துட்டே இருக்கணும். இல்லேன்னா இதயம் இழுத்துக்கும்."

ஒரு குப்பி ஏற்றினார்கள். இரண்டாவது ஏற்றினார்கள். ஆறாவது குப்பி இறங்கியும் விரல்கள் ஒரு நெல் அளவுகூட நெகிழவில்லை. நசீமா ஏழாவதைக் கையில் எடுத்துச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார். குப்பியில் இருந்தது வெறும் தண்ணீர். நான்கு நாளாகச் செசீலியின் தொண்டை, ஆஸ்பத்திரிக் குப்பிகளில் இருந்த சுண்ணாம்பையும், மாத்திரைகளில் இருந்ததையும், நாலு தெரு மருந்துக்கடை, வெற்றிலைக்கடைகளில் இருந்ததையும் அழைத்து முடித்திருந்தது. தூரத்து நகரத்திலிருந்து புதுக் குப்பி வர மறுநாள் ஆகும்.

"மறுநாள் வரைக்கும் தாங்குவாளா?" என்றான் அருளப்பன்.

நசீமா மானிட்டரைப் பார்த்துவிட்டு, "இவங்ககிட்ட வந்த சுண்ணாம்பு உங்க ஊர்ல மிச்சம் இருக்கா?" என்று கேட்டார். "எலுமிச்சம்பழச் சாறுல கரைச்சா உடம்புல சேரும். இன்னும் முழுங்க முடியுது. நான் பக்கத்துலயே இருக்கேன்."

அருளப்பன் கொளஞ்சிக்குப் போன் போட்டான். எல்லாம் பூசியாயிற்று, ஒரு பிடிகூட இல்லை என்றாள் அவள். உலகநாதனுக்குப் போட்டான். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்தார்.

"ஐயா, செசீலி போயிட்டு இருக்கா. சுவத்துல அடிச்ச அந்த வெள்ளை வேணுங்கய்யா. எந்தச் சுவத்துலேருந்தாவது."

"அந்த வெள்ளையாலதான்டா சுவரே நிக்குது. சுரண்டினா வீடு இறங்கிடாதா?" என்றார் உலகநாதன்.

"இறங்கும்ங்கய்யா."

போன் நின்றுவிட்டது.

அருளப்பன் திரும்பி வந்து கட்டிலருகே மண்டியிட்டு அவளுடைய குவிந்த விரல்களைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டான். மாதாவிடம் கேட்டான், அந்தோணியாரிடம் கேட்டான், பிறகு பெயர் தெரிந்த எல்லோரிடமும் கேட்டான். நான் கட்டிய சுவரெல்லாம் விழட்டும், என் பெயர் சொல்ல ஒரு செங்கல்கூட நிற்க வேண்டாம், இவள் நெஞ்சு மட்டும் இழுக்காமல் இருக்கட்டும் என்று கேட்டான். மானிட்டரில் கோடு நீண்டு நீண்டு போயிற்று. நர்ஸ் திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

வெயில் சாயும் நேரத்தில் கொளஞ்சி மூச்சிரைக்க வந்தாள். பின்னால் கீழத்தெருக்காரர்கள், அவர்களுக்கும் பின்னால் மேலத்தெருவிலிருந்து சிலர், எல்லோர் தலையிலும் மணல். கையில் தூக்குவாளி, டிபன் பாக்ஸ், பால்கேன். ஒவ்வொன்றிலும் சுரண்டி எடுத்த வெள்ளை. நசீமா எலுமிச்சம்பழத்தைத் தானே பிழிந்தார். தம்ளரில் நுரை பொங்கி அடங்கியது. அருளப்பன் இறுகிய தாடையின் ஓரமாகக் கரண்டியை நுழைத்து ஊற்றினான். முதல் கரண்டி வழிந்தது. இரண்டாவது உள்ளே போயிற்று.

எட்டாவது கரண்டியில் சுண்டுவிரல் அசைந்தது. இன்னொரு பாத்திரத்தைக் கரைத்தார்கள். தாடை சற்று விட்டதும் செசீலி நாக்கைச் சப்பினாள்.

"பொகை வாசம் வருது" என்றாள் குழறலாக. "கொளஞ்சி அடுப்படி."

"ஆமாக்கா" என்று கொளஞ்சி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். "இறங்கிப் போச்சு. போவுது போ."

அடுத்ததில் மாட்டுக் கொட்டகை என்றாள். அதற்கடுத்ததில் வெற்றிலைக் கடை. அவள் சொல்லச் சொல்ல அந்தந்த வீட்டுக்காரர்கள் தலையசைத்தார்கள். நசீமா மானிட்டரைப் பார்த்தபடி, நிறுத்தாதீங்க என்று கையால் மட்டும் காட்டினார். ஒரு பித்தளைத் தூக்கில் இருந்ததைக் கரைத்து ஊற்றியபோது செசீலி வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தாள்.

"இது தெரியலையே" என்றாள். "இந்த வீட்டுக்குள்ள நான் போனதில்ல."

கதவோரம் நின்றிருந்தவர் உள்ளே வந்தார். உலகநாதன். வேட்டி முழங்கால் வரை மணலாக இருந்தது, நகக்கண்ணில் ரத்தம் கட்டியிருந்தது.

"எங்க வீட்டு நடுக்கூடம்" என்றார். "நீ சாந்து சுமந்து கட்டுனதுதான். வீடு குடிபோன அன்னைக்கு ஒன்னை வாசல்ல உக்கார வச்சு இலை போட்டோம். அதுக்கப்புறம் உள்ள கூப்புடல."

செசீலி அவரைப் பார்த்தாள். வாயில் இருந்ததை விழுங்கினாள். அருளப்பனின் கைக்குள் அவளுடைய கட்டைவிரல் உள்ளங்கையை விட்டு மெல்ல வெளியே வந்தது.

"அந்தச் சுவரு இறங்கிடுச்சா?" என்று கேட்டாள்.

"இறங்கிடுச்சு" என்றார் உலகநாதன். "இன்னும் மூணு நிக்குது. போதாதுன்னா சொல்லு."

தூக்கில் பாதி மிச்சமிருந்தது. அருளப்பன் கரண்டியை நிரப்பினான். அவள் வாயைத் திறந்தாள்.